பலர் கூடிச் செய்யும் போர்வினை: ஆப்கானிஸ்தான் தந்த பாடம்

திருவள்ளுவனார் அரசியலிலே தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் நிரலே வைத்தார். ஒரு வினையில் இறங்குமுன் அதனால் வரும் ஆக்கத்தையும் கேட்டையும் எண்ணிப் பார்த்தல் முதற்படியாகும். அதன்பின் வலிமையை எடைபோடுதல், ஏற்ற காலத்தை நோக்குதல், ஏற்ற இடத்தைத் தெரிதல் என்பன முறையே நிகழ வேண்டும். வலிமையை எடைபோடுங்கால் தன் வலியையும் பகைவன் வலியையும் அறிவதோடு அமையாது, துணைவர் வலியையும் தூக்கிப் பார்த்தல் வேண்டுமென்பது வலியறிதலின் கருத்து. அத்துணைவலியே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

ஒரு மன்னன் தன் படையைத் தானே நடத்திச் சென்ற காலத்தில் திட்டமும் படையும் ஒருவன் கையில் இருந்தன. பல நாடுகள் கூடித் தத்தம் எல்லைக்கு அப்பால் ஒரு போர்வினையை மேற்கொள்ளும்போது நிலைமை வேறுபடுகிறது. அங்கே திட்டம் எல்லார்க்கும் பொது. போர்வீரரோ ஒவ்வொரு நாட்டுக்கும் உரியர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி எத்துணைப் பெரிது, அதனால் விளைவன யாவை என்பதை நம் மாணாக்கர் அறிதல் நன்று. இதற்கு ஏற்ற சான்றாக 2001ஆம் ஆண்டு தொடங்கி 2021ஆம் ஆண்டு வரை ஆப்கானிஸ்தானில் நிகழ்ந்த கூட்டுப் படைவினையை எடுத்துக்கொள்வோம். தொடக்கமும் முடிவும் கண்ட வரலாறாதலின் அதனை முழுமையாக நோக்குதல் இயலும்.

இஃது எங்கோ நடந்த செய்தி, நமக்கென்ன என்று கருதுதற்கில்லை. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். அந்நாடுகள் அனைத்தும் அப்படைவினையிற் பங்குகொண்டவை. படை அனுப்பலாமா, எத்துணைக் காலம் வைத்திருக்கலாம் என்று அந்நாட்டுப் பாராளுமன்றங்களில் எழுந்த வினாக்கள் அவர்தம் வாக்குச் சீட்டையும் வரிப்பணத்தையும் பற்றிய வினாக்களேயாம்.

கூட்டணி களம் புகுந்த வரலாறு

வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பு, சுருக்கமாக நேட்டோ, 1949 ஏப்பிரல் 4ஆம் நாள் 12 நாடுகள் வாஷிங்டனில் ஒப்பமிட்டதனால் தோன்றியது. உறுப்பு நாடொன்றின்மீது தொடுக்கப்படும் தாக்குதல் எல்லா நாடுகள்மீதும் தொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது அவ்வொப்பந்தத்தின் 5ஆம் உறுப்புரையாகும். பலரும் இவ்வளவில் நின்றுவிடுவர். அதே உறுப்புரை, உதவி எத்தகையது என்பதை ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதுமாற்றால் முடிவுசெய்யலாம் எனவும் கூறுகிறது. துணை நிற்றல் கடன். எவ்வளவு துணை என்பது அவரவர் விருப்பம். பின்னர் வந்த இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் வித்து இந்த வாசகத்திலேயே உள்ளது.

2001 செப்டெம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்கு மறுநாள், அவ்வுறுப்புரை வரலாற்றில் முதன்முறையாக எடுத்தாளப்பட்டது. ஒக்டோபர் 7ஆம் நாள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் தாக்குதலைத் தொடங்கின. நவம்பர் நடுவிலே தலிபான்கள் காபூலை விட்டகன்றனர். டிசெம்பர் 5ஆம் நாள் ஜேர்மனியின் பொன் நகரிலே ஓர் இடைக்கால அரசு பற்றிய உடன்பாடு எட்டப்பட்டது. அம்மாதம் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தனது 1386ஆம் தீர்மானத்தின்வழிச் சர்வதேசப் பாதுகாப்பு உதவிப் படையை அமைக்க இசைவளித்தது. அப்படையின் எல்லை காபூலும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே.

இவ்வுதவிப் படைக்கு முதலிற் பிரித்தானியாவும், பின் துருக்கியும், அதன்பின் ஜேர்மனியும் ஒல்லாந்தும் இணைந்தும் தலைமை தாங்கின. தலைமைக் காலம் முடியுந்தோறும் அடுத்த தலைவரைத் தேடும் தொல்லை எழுந்தது. ஆகவே 2003 ஓகஸ்ட் 11ஆம் நாள் நேட்டோ அமைப்பே தலைமையை ஏற்றது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அப்பால் அது மேற்கொண்ட முதற் பெரும் படைவினை இதுவேயாம். அவ்வாண்டு ஒக்டோபரில் பாதுகாப்புச் சபையின் 1510ஆம் தீர்மானம் காபூலுக்கு வெளியேயும் செல்ல வழிதிறந்தது. 2006ஆம் ஆண்டு முடியுமுன் நாடு முழுவதும் உதவிப் படையின் பொறுப்பாயிற்று. ஆயினும் பயங்கரவாதிகளைத் தேடியழிக்கும் அமெரிக்கப் படைவினை வேறொரு கட்டளையின் கீழ் உடனிகழ்ந்து வந்தது. ஒரு நிலத்திலே இரண்டு நோக்கங்களும் இரண்டு கட்டளைகளும் நிலவின.

திட்டம் உருவாகும் முறை

இக்கூட்டணியிலே திட்டம் எங்ஙனம் எழுதப்படுகிறது என்பதைச் சிறிது காண்போம். பிரசெல்சு நகரிலுள்ள வட அத்திலாந்திக் பேரவையில் உறுப்பு நாடுகளின் தூதுவர்கள் கூடுவர். அங்கே வாக்கெடுப்பு இல்லை. எல்லாரும் ஒருமித்து இசைந்தாலன்றி எதுவும் முடிவாகாது. பேரவை அரசியல் நோக்கத்தை வகுத்தபின், பெல்ஜியத்தின் மொன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள தலைமையகத்தில் ஐரோப்பிய உயர் தளபதி படைத்திட்டத்தை ஆக்குவார். அப்பதவியை இதுவரை வகித்தோர் அனைவரும் அமெரிக்கரே. அவர் முதலிற் படைவினையின் கருத்துருவைப் பேரவைக்கு அனுப்புவார். அதற்கு ஒப்புதல் கிடைத்தபின் விரிவான திட்டம் எழுதப்படும்.

திட்டத்தோடு ஒரு தேவைப் பட்டியலும் எழும். இத்தனை காலாட்படைப் பிரிவுகள், இத்தனை ஹெலிகொப்டர்கள், இத்தனை மருத்துவ மனைகள், இத்தனை பொறியியலாளர் என அது விரியும். பின் படை திரட்டும் மாநாடு கூட்டப்படும். நாடுகளின் பிரதிநிதிகள் வந்து தாம் எதைத் தர இயலும் என்பதை அங்கே கூறுவர். ஒரு சில கண்காணிப்பு விமானங்களையும் தலைமையகங்களையும் தவிர, நேட்டோவுக்கெனத் தனிப்படை கிடையாது. ஆகவே பட்டியலிற் கண்டது முற்றும் வருமென்ற உறுதி எவருக்கும் இல்லை. 2003ஆம் ஆண்டிலே தலைமை ஏற்றபின், காபூலுக்கு வேண்டிய சில ஹெலிகொப்டர்களைப் பெறுவதற்கே தலைநகர்தோறும் கேட்டுத் திரிய வேண்டியதாயிற்று. உறுப்பு நாடுகளிடம் அவை நூற்றுக்கணக்கில் இருந்த காலமது.

செலவு முறையும் இதற்கு ஒரு காரணமாகும். கூட்டணிக்குப் படை அனுப்பும் நாடு அப்படையின் பெரும்பாற் செலவையும் தானே தாங்க வேண்டும். ஊர்க் கோவிலிலே திருவிழா உபயத்தைப் பகிரும்போது ஒவ்வொருவரும் தத்தம் பங்கை முன்னரே அறிவர். இங்கோ முன்வந்து கைகொடுத்தவனே செலவையும் உயிரிழப்பையும் சுமக்க, பின்னின்றவன் இரண்டினின்றும் தப்புகிறான். இம்முறை தாராளத்தை ஊக்குவிப்பதன்று.

வலியறிதல்: எண்ணிக்கையும் ஆற்றலும்

படைவலியைத் தலையெண்ணி அறியலாமெனக் கருதுவது பெரும் பிழை. ஒரு நாடு 1,000 பேரை அனுப்பலாம். அவர்களை இன்னவாறு பயன்படுத்தல் ஆகாதென விலக்கு நிபந்தனைகளையும் உடன் அனுப்பலாம். தமக்குரிய பிரதேசத்தைவிட்டு அகலலாகாது, தலைநகரின் இசைவின்றித் தாக்குதலில் இறங்கலாகாது, இரவிலே புறப்படலாகாது என்றவாறு இவை பலவகைப்பட்டன. வரைபடத்தில் ஒரே நிறம் பூசப்பட்ட படைகள், களத்திலே வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டு நின்றன. தளபதி ஒருவர் ஓரிடத்துப் படையை மற்றோரிடத்துக்கு நகர்த்த விரும்பினால், முதலில் அந்நாட்டுத் தலைநகரைக் கேட்க வேண்டியிருந்தது.

இதன் விளைவை 2006 செப்டெம்பரிற் காணலாம். கந்தகார் மாகாணத்தின் பஞ்ச்வாய் பகுதியிலே தலிபான்கள் பெருந்தொகையாகத் திரண்டிருந்தனர். கனேடியப் படையை முன்னிறுத்தி 'மெடூசா' என்ற பெயருடன் ஒரு தாக்குதல் நடத்தப்பட்டது. அவ்வேளை ஐரோப்பிய உயர் தளபதியாயிருந்த ஜேம்ஸ் ஜோன்ஸ் தென்பகுதிக்கு மேலும் ஏறத்தாழ 2,000 பேர் தேவையென வெளிப்படையாகவே வேண்டினார். போலந்து ஏறத்தாழ 1,000 பேரை அனுப்ப முன்வந்தது. ஆனால் அவர்கள் வந்துசேர வேண்டிய காலம் அடுத்த ஆண்டு. வடக்கிலும் மேற்கிலும் ஆயிரக்கணக்கான வீரர் இருந்தும் தெற்கிலே துணை வேண்டிநின்ற நிலை பலரை வருத்தியது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ரீகா நகரிற் கூடிய தலைவர்கள், பேரிடர் நேரத்தில் ஒருவர்க்கொருவர் உதவ இசைந்தனர். எது பேரிடர் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அப்போதும் தலைநகர்களிடமே இருந்தது.

இவ்விலக்குகளைக் கோழைமையென்று பழிப்பது நீதியாகாது. ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின் நினைவு அந்நாட்டின் அரசியலில் ஆழப் பதிந்துள்ளது. வெளிநாட்டுக்குப் படை அனுப்பப் பாராளுமன்றத்தின் இசைவு வேண்டுமென அதன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 16ஆம் நாள், 3,900 வீரரை அமெரிக்காவுக்குத் துணையாக ஒதுக்கும் தீர்மானத்தைச் சான்செலர் கெர்ஹாட் ஷ்ரோடர் தம் அரசின்மீதான நம்பிக்கை வாக்கெடுப்போடு இணைத்தார். 334 வாக்குகள் தேவைப்பட, 336 வாக்குகள் கிடைத்தன. இரண்டே வாக்குகளின் மிகையில் நின்ற ஓர் அரசு, தன் வீரரைக் கட்டுப்பாடின்றிப் பிறர் கையில் ஒப்படைத்தல் எங்ஙனம் கூடும்? விலக்கு நிபந்தனை இல்லையெனில் பல நாடுகள் வந்தே இரா. அன்றியும், விலக்கோடு வந்த ஜேர்மன் வீரரும் வடக்கே குண்டூசில் உயிரிழந்தனர்.

சிறிய நாடெனின் சிறிய பங்கு என்பதும் பொருந்தாது. டென்மார்க் சில நூறு வீரரை ஹெல்மண்ட் மாகாணத்துக்கு அனுப்பிக் கடும் போரில் ஈடுபடுத்தியது. 43 பேரை இழந்தது. மக்கட்டொகையோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய விலையாகும்.

இடனறிதல்: நிலம் பங்கிடப்பட்ட முறை

வடபகுதி ஜேர்மனிக்கும், மேற்கு இத்தாலிக்கும், கிழக்கு அமெரிக்காவுக்கும் பொறுப்பாயின. தெற்கிலே கந்தகார் கனடாவையும், ஹெல்மண்ட் பிரித்தானியாவையும், உருஸ்கான் ஒல்லாந்தையும் சேர்ந்தன. பல மாகாணங்களிற் புனரமைப்புக் குழுவொன்று நிறுவப்பட்டது. பொறுப்பேற்ற நாடே அதற்குப் பணமும் ஆளும் தந்தது. செல்வ நாடு பொறுப்பேற்ற மாகாணத்திற் பாலங்களும் பாடசாலைகளும் எழுந்தன. மற்றை மாகாணம் அவற்றைப் பார்த்து நின்றது. நாளடைவில் ஒவ்வொரு நாடும் தன் மாகாணத்தையே முழுப் போராகக் கருதத் தலைப்பட்டது. இலண்டனிலே ஹெல்மண்ட் பற்றியும், ஒட்டாவாவிலே கந்தகார் பற்றியும் பேசப்பட்டது. ஆப்கானிஸ்தான் முழுவதையும் பற்றிப் பேசியோர் சிலரே.

2006இல் பிரித்தானியா ஏறத்தாழ 3,300 பேரை ஹெல்மண்டுக்கு அனுப்பியது. அவருள்ளும் நேரே போரிடத்தக்கோர் ஒரு பகுதியினரே. அவர்கள் சங்கின், மூசா காலா, நவ்சாத் முதலிய ஊர்களிற் சிறுசிறு காவலிடங்களாகப் பிரிந்து முற்றுகைக்குள்ளாயினர். பின்னர் அம்மாகாணத்திற் பிரித்தானியப் படை 9,000க்கு மேலாக உயர்ந்தும் போதாமையால், அமெரிக்க மரைன் படையினர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். தொடக்கத்தில் நிலத்தின் பரப்பையும் மக்களின் இயல்பையும் அளந்தறியாமையின் பயன் இது. மேலும், பகைவர் பின்வாங்கி இளைப்பாறிய இடங்கள் எல்லைக்கப்பாற் பாகிஸ்தானில் இருந்தன. கூட்டணியின் வரைபடம் எல்லைக்கோட்டோடு முடிந்தது. பகைவரின் வரைபடம் அங்கே முடியவில்லை.

காலமறிதல்: நாட்காட்டியும் நோக்கமும்

கூட்டணிப் போரில் மிகக் கடினமானது காலத்தை ஒருப்படுத்தலே. ஒவ்வொரு பாராளுமன்றமும் தனக்கெனக் காலவெல்லை ஒன்றை வைத்திருந்தது. 2006 மே மாதத்தில் கனேடியப் பாராளுமன்றம் 149க்கு 145 என்ற வாக்குகளால், படையினரின் காலத்தை 2009 பெப்ரவரி வரை நீட்டியது. 2008 தொடக்கத்தில் ஜோன் மான்லி தலைமையிலான குழு ஒரு நிபந்தனையை முன்வைத்தது: துணை நாடொன்று கந்தகாருக்கு மேலும் 1,000 வீரரை அனுப்பவேண்டும், ஹெலிகொப்டர்களும் கிடைக்கவேண்டும், இன்றேல் கனடா தொடர்தல் தகாது. அவ்வாண்டு மார்ச்சில் 2011 வரை நீடிக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஏப்பிரலில் புக்கரெஸ்ட் நகரிற் கூடிய மாநாட்டிலே, பிரான்சு ஒரு படைப்பிரிவைக் கிழக்குக்கு அனுப்ப இசைந்தது. அதனால் விடுபட்ட அமெரிக்க வீரர் தெற்கே செல்ல வழியேற்பட்டது. துணையின் அளவை முன்னரே வெளிப்படையாகக் கேட்டுப் பெற்ற இச்செயல் பாராட்டத்தக்கது. கனடா இப்போரில் 158 வீரரை இழந்தது.

ஒல்லாந்தின் கதை வேறு. உருஸ்கானில் மேலும் தங்கலாமா என்ற வினாவில் 2010 பெப்ரவரியில் அந்நாட்டுக் கூட்டு அமைச்சரவையே கவிழ்ந்தது. ஓகஸ்டில் அப்படை வெளியேறியது. தொலைவிலுள்ள ஒரு மாகாணம், ஐரோப்பிய அரசொன்றை வீழ்த்தும் வலிமை பெற்றிருந்தது.

அமெரிக்காவிலும் காலமே சிக்கலாயிற்று. 2009 டிசெம்பர் 1ஆம் நாள் அதிபர் பராக் ஒபாமா மேலும் 30,000 வீரரை அனுப்புவதாக அறிவித்தார். அதே உரையில் 2011 யூலை முதல் திரும்பப் பெறுதல் தொடங்குமெனவும் கூறினார். காலவெல்லை ஆப்கான் அரசைத் தன் காலில் நிற்கத் தூண்டும் என்றனர் ஒருசாரார். பகைவன் காத்திருந்தாற் போதும் என்ற செய்தியையே அது தருகிறது என்றனர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. 2010 நவம்பரில் லிஸ்பன் மாநாடு, 2014 இறுதிக்குள் பாதுகாப்புப் பொறுப்பை ஆப்கானியரிடம் ஒப்படைக்க முடிவுசெய்தது. 2011 அளவில் உதவிப் படை ஏறத்தாழ 50 நாடுகளைச் சேர்ந்த 130,000க்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்தது; அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கர். படை உச்சத்தை அடையுமுன்னரே அது திரும்பும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. பணி எப்போது முடியுமென்று கேட்க வேண்டிய இடத்தில், நாள் எப்போது முடியுமென்று கேட்கும் வழக்கம் வேரூன்றியது.

விட்டுச் செல்லப்பட்ட துணைவர்

துணைவலி என்னும்போது யாவரும் படை அனுப்பிய நாடுகளையே எண்ணுவர். உண்மையில் மிகப் பெரிய துணைவர் ஆப்கானியரே. அவர்தம் படைக்கும் காவற்றுறைக்கும் 352,000 பேர் என்ற இலக்கு வகுக்கப்பட்டது. ஏட்டில் எழுதப்பட்ட தொகை களத்தில் எப்போதும் காணப்படவில்லை. இருந்தும், போரில் மடிந்த ஆப்கான் படையினரும் காவலரும் 60,000க்கு மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. வெளிநாட்டு வீரரில் உயிரிழந்தோர் ஏறத்தாழ 3,500 பேர். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

அப்படை அந்நிய முறையிலே கட்டியெழுப்பப்பட்டது. விமானங்களைப் பழுதுபார்க்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் தேவைப்பட்டனர்; அவர்கள் சென்றபின் விமானங்கள் பல பறக்க இயலாதவையாயின. 2020 பெப்ரவரி 29ஆம் நாள் டோகாவில் அமெரிக்காவும் தலிபானும் உடன்பாடு செய்துகொண்டன. 14 மாதங்களில் அமெரிக்கப் படையும் துணை நாடுகளின் படைகளும் வெளியேறும் என அது கூறியது. ஆப்கான் அரசு அதில் ஒப்பமிடவில்லை; துணை நாடுகளும் ஒப்பமிடவில்லை. ஒப்பமிடாத ஓர் ஏட்டினால் அவர்தம் படைகளின் நாள் குறிக்கப்பட்டது.

2021 ஏப்பிரல் 14ஆம் நாள் அதிபர் ஜோ பைடன் இறுதி வெளியேற்றத்தை அறிவித்தார். அந்நேரம் அமெரிக்கர் ஏறத்தாழ 2,500 பேரும், பிற நாட்டவர் ஏறத்தாழ 7,000 பேரும் அங்கிருந்தனர். எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் பிறர் தங்கி நிற்க முடியவில்லை. அமெரிக்காவின் வான்படையும் போக்குவரவும் உளவறிவும் இல்லாமல் அவர்கள் இயங்கல் அரிது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் வேறு நாடுகளைச் சேர்த்துத் தங்க முயன்றும் போதிய துணை கிட்டவில்லை. ஓகஸ்ட் 15ஆம் நாள் காபூல் வீழ்ந்தது. விமானநிலையத்தினின்று 120,000க்கு மேற்பட்டோர் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். 26ஆம் நாள் அதன் வாயிலில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் அமெரிக்க வீரர் 13 பேரும் ஆப்கானியர் ஏறத்தாழ 170 பேரும் மாண்டனர். 30ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்றுமுன் இறுதி விமானம் எழுந்தது. கூட்டணிப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராய் உழைத்தோர் பலர் பின்னே விடப்பட்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் இடைநிலைப் பாடசாலைகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கப்பட்டன. 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு அடைக்கப்பட்டன. பாடசாலையிற் பணிபுரியும் நாம் இச்செய்தியை வெறும் அரசியற் செய்தியாகக் கடந்துசெல்லல் ஆகாது.

தொகுத்துரை

இதுவரை கூறியவற்றால் நாம் அறியத்தக்கன சில. முதலாவது, கூட்டணியின் வலிமையை ஆட்டொகையால் அளத்தல் தவறு. எத்தனை பேர், எவ்வெவ்விடங்களில், எவ்வெவ்விதிகளுக்குட்பட்டு, எதுவரை என்ற நான்கும் சேர்ந்ததே வாக்குறுதியின் உண்மையான அளவு. இரண்டாவது, பாராளுமன்றங்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் குடியாட்சியின் இயல்பு. அவற்றை வருந்தத்தக்க இடையூறென ஒதுக்காது, திட்டம் எழுதும்போதே கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மூன்றாவது, நோக்கம் ஒன்றாகாத இடத்தில் நிலத்தைப் பங்கிடுதல் போரையே பங்கிடுவதாய் முடியும். நான்காவது, தலைமை நாடு இன்றி மற்றையோர் நிற்கவியலாத அமைப்பிலே, முடிவெடுக்கும் உரிமை பலர்க்கு இருப்பதுபோலத் தோன்றினும் இறுதியில் அஃது ஒருவரிடமே சென்று சேரும். சிறு நாடுகள் இதனை அறிந்தே கைகொடுத்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலாக ஒன்றுண்டு. புறப்படும் நாடுகளுக்குத் திரும்பும் நாள் உண்டு. அந்நிலத்தில் வாழும் மக்களுக்கு அத்தகைய நாள் இல்லை. அவர்கள் நம்பிச் சேர்ந்த துணை எத்துணைக் காலம் நிற்கும் என்பதை அவர்க்கு மறையாது உரைத்தல் துணைவரின் முதற் கடமையாகும். தர இயலாத துணையைத் தருவதாகச் சொல்லுவதினும், தரக்கூடியதை அளந்து சொல்லி அதனை முற்றத் தருதல் நன்று.

உயர்தர வகுப்பு மாணாக்கர் தம் வரலாற்றுக் குறிப்பேட்டிலே ஒரு பயிற்சியாக இதனைச் செய்து பார்க்கலாம். 1950 முதல் 1953 வரை கொரியாவில் ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ்ப் போரிட்ட படையை எடுத்து, அதற்குப் படை அனுப்பிய நாடுகள் எவை, கட்டளை யார் கையில் இருந்தது, நோக்கம் இடையிலே எவ்வாறு மாறியது, போர்நிறுத்தத்தில் யார் ஒப்பமிட்டனர், யார் ஒப்பமிடவில்லை என்பவற்றை ஆராய்ந்து, ஈண்டுக் கூறியவற்றோடு ஒப்பிட்டு எழுதுக. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரும் தம் பிள்ளைகளோடு இருந்து இதனை உரையாடுவாராயின் இக்கட்டுரையின் பயன் நிறைவெய்தும்.